750 வாட் இ-பைக்கை அமெரிக்காவுல இருந்து ஜெர்மனிக்குக் கொண்டு போகலாமா?

திண்டுக்கல் சைக்கிள்காரன்

வணக்கம். இப்ப சன்னிவேல்ல இருக்கோம். ஆகஸ்ட்ல ஸ்டுட்கார்ட்டுக்கு மாறுறோம். கம்பெனி 20 அடி கண்டெய்னர் தருது. கட்டில், சோபா, டிவி எல்லாத்தையும் இங்கயே தள்ளிவிட்டுடலாம்னு வீட்டுல பேசியாச்சு. என் இ-பைக்கை மட்டும் எப்படியாவது ஏத்திடணும்.

பின் சக்கரத்துல 750 வாட் ஹப் மோட்டார். 48 வோல்ட், 14 ஆம்பியர்-அவர் பேட்டரி. நாலு இஞ்ச் டயர், மொத்தம் 32 கிலோ. கைப்பிடியில கட்டைவிரலால அமுக்குற த்ராட்டில் இருக்கு. கிளாஸ் 2-ன்னு ஸ்டிக்கர் ஒட்டித்தான் வித்தாங்க, அதாவது மணிக்கு 20 மைல். ஆனா டிஸ்ப்ளே மெனுவுக்குள்ள போயி ஒரு எண்ணை மாத்தினா 28 மைல் வரைக்கும் தள்ளும், அதாவது 45 கி.மீ. அமெரிக்க பிராண்டுதான், செஞ்சது சீனாவுல. பையனைப் பின்னாடி சீட்ல உக்கார வச்சு டேகேர்ல விட்டுட்டு ஆபீஸ் போறது எல்லாமே இதுலதான். ரெண்டாவது கார் வாங்காம சமாளிச்சதே இந்தப் புண்ணியவதியாலதான்.

ஜெர்மனியில 250 வாட், 25 கி.மீ.தான் அனுமதின்னு கேள்விப்பட்டேன். எங்க ஊர்ல பால்காரர் டிவிஎஸ் 50-ல ரெண்டு பக்கமும் கேன் கட்டிக்கிட்டு அதைவிட வேகமாப் போவார்!

அதே மெனுவுல 25-ன்னு பூட்டிட்டா அங்க ஓட்டலாமா? கஸ்டம்ஸ்ல ஏதாவது பிடிப்பாங்களா? பேட்டரியை எப்படி அனுப்புறது? வீடு ஹெஸ்லாக் பக்கம் பாக்குறோம், ஆபீஸ் ஃபைஹிங்கன்ல. மேப்ல பாத்தா முழுக்க ஏத்தமா இருக்கு. 250 வாட் மோட்டார் என்னையும் பையனையும் இழுக்குமாங்கிறதுதான் பெரிய கவலை. நான் 88 கிலோ.

ஃப்ராங்க்ஃபர்ட் பாபு

ப்ரோ, ரொம்ப யோசிக்காதீங்க. த்ராட்டிலைக் கழட்டிருங்க, 25-ல பூட்டிருங்க, மோட்டார் மேல இருக்குற 750-ஐ ஒரு ஸ்டிக்கர் வச்சு மறைச்சிருங்க. இங்க தெருவுக்குத் தெரு ஃபேட் டயர் பைக் ஓடுது. சாப்பாடு டெலிவரி பண்ற பசங்க பாதிப்பேர் அப்படித்தான். யாரும் நிறுத்திக் கேக்குறது இல்ல.

டோர்ட்மண்ட் அண்ணை

திண்டுக்கல் தம்பி, பாபு சொல்லுறதைக் கேட்டு அந்தச் சைக்கிளைக் கண்டெய்னரில ஏத்திப்போடாதேங்கோ. நான் இஞ்ச ஒரு சைக்கிள் கடையில திருத்த வேலை செய்யிறன். கடையில பாதி வேலை இப்ப இந்த மின்சைக்கிளுகளோடதான். தெரிஞ்சதை விளக்கமா எழுதுறன், கொஞ்சம் நீளும்.

முதல்ல ஒண்டு. 25 எண்டது உங்களுக்குப் போட்ட வேகக் கட்டுப்பாடு இல்லை. மோட்டருக்குப் போட்டது. உங்கட காலில பலம் இருந்தா 35-இல போங்கோ, இறக்கத்தில 50-இல போங்கோ, சட்டம் ஒண்டும் சொல்லாது. மோட்டர் மட்டும் 25 வரேக்க கையை எடுத்திட வேணும்.

சட்டம் கேக்கிறது மூண்டு. மோட்டரின்ர தொடர் வலு, அதாவது இடைவிடாமல் குடுக்கக்கூடிய வலு, 250 வாட்டுக்கு மேல போகக்கூடாது. மிதிக்கிறதை நிப்பாட்டினா மோட்டரும் நிக்க வேணும். வேகம் கூடக் கூட மோட்டரின்ர உதவி குறைஞ்சு வந்து 25-ஓட அறவே நிக்க வேணும். இந்த மூண்டும் சேர்ந்து இருந்தாத்தான் அது 'பெடெலெக்', சட்டத்தின்ர கண்ணில வெறும் சைக்கிள். லைசென்ஸ் வேண்டாம், காப்புறுதி வேண்டாம், ஹெல்மெட் கூடக் கட்டாயம் இல்லை. மூண்டில ஒண்டு இல்லையெண்டா அது சைக்கிள் இல்லை, மோட்டர் வாகனம். இடையில வேற ஒண்டும் கிடையாது. த்ராட்டில் எண்டா, நடந்து தள்ளிக்கொண்டு போகேக்க உதவிக்கு 6 கி.மீ. வரைக்கும் ஒரு பொத்தான் இருக்கலாம், அவ்வளவுதான்.

இப்ப உங்கட சைக்கிளைப் பாருங்கோ. மெனுவில 25 எண்டு போட்டா மூண்டாவது சரி வரும். த்ராட்டிலைக் கழட்டினா இரண்டாவதும் சரி எண்டு வைச்சுக்கொள்ளுவம். மோட்டர் கோதில 750 எண்டு அடிச்சிருக்கிறதை என்ன செய்யிறது? அதுக்கு மேல ஸ்டிக்கர் ஒட்டுற யோசனை இருக்கே பாபு, பிடிபட்டா அதுதான் முதல் கேள்வி: தெரியாமச் செய்தனியா, தெரிஞ்சு மறைச்சனியா?

இஞ்ச விக்கிற பெடெலெக்கின்ர ஃப்ரேமில ஒரு சின்னத் தகடு இருக்கும். கூடுதலாப் பெடல் அச்சுக்குக் கிட்ட, இல்லாட்டி இருக்கைக்குக் கீழ இருக்கிற குழாயில. 'ஈபேக், ஈ.என். 15194' எண்டு இருக்கும், அது மின்சைக்கிளுக்கான ஐரோப்பியத் தரம். 250 வாட், 25 கி.மீ., செய்த ஆண்டு, நிறை, ஐரோப்பிய விதிகளுக்கு அமைஞ்சது எண்டு தயாரிப்பாளர் போடுற சி.ஈ. குறி எல்லாம் இருக்கும். மறிக்கிற பொலிஸ்காரர் விஷயம் தெரிஞ்ச ஆளெண்டா குனிஞ்சு முதல்ல பாக்கிறது அதைத்தான். உங்கட அமெரிக்கச் சைக்கிளில அந்த இடத்தில கிளாஸ் 2, 20 மைல், 750 வாட் எண்டு கிடக்கும். அவர் ஒண்டும் கேக்கத் தேவையில்லை, எல்லாம் எழுதியே ஒட்டியிருக்கு. சந்தேகம் வந்தா பின்சில்லைத் தூக்கி த்ராட்டிலை அமுக்கிப் பாப்பினம். மிதிக்காமல் சில்லு சுத்தினா கதை முடிஞ்சுது.

அதுக்குப் பிறகு வாறது தண்டப்பணத்தோட முடியிற விஷயம் இல்லை. காப்புறுதி இல்லாத மோட்டர் வாகனத்தை றோட்டில ஓடினது இஞ்ச குற்றவியல் வழக்கு. சட்டப்படி ஒரு வருஷம் வரைக்கும் சிறை எண்டு இருக்கு. முதல்தரம் பிடிபட்டவனை உள்ள போடமாட்டினம், அபராதத்தோட விடுவினம் எண்டு வைச்சாலும், நீங்கள் புதுசா விசாவில வாற ஆள். வேலைக்கார விசாவை நீட்டிக்கப் போகேக்க ஒரு குற்ற வழக்குக் கோப்பு எதுக்கு? அமெரிக்க லைசென்ஸும் இஞ்ச குடியேறின பிறகு ஆறு மாதந்தான் செல்லும். அதுக்குப் பிறகு இது லைசென்ஸ் இல்லாமல் ஓடினதும் ஆகும்.

எங்கட கடைக்கு வாற ஒரு ஆள், பேர் வேண்டாம், டொரொண்டோவில இருக்கிற மச்சான் குடுத்த த்ராட்டில் சைக்கிளைச் சாமானோட சாமானா இஞ்ச இறக்கினவர். அங்க ஒன்ராறியோவில 500 வாட், 32 கி.மீ. வரைக்கும் சட்டப்படி சரி. அதால அவருக்கு உது பிழை எண்ட எண்ணமே இல்லை. கோயிலுக்குப் போற வழியில மறிச்சிருக்கினம். சைக்கிளை அப்பிடியே ஏத்திக்கொண்டு போட்டினம். பிறகு அரச வழக்கறிஞர் அலுவலகத்தில இருந்து கடிதம். "அண்ணை, இது நல்ல சைக்கிள் எண்டு ஒரு கடிதம் எழுதித் தாங்கோ" எண்டு என்னட்ட வந்து நிண்டார். நல்ல சைக்கிள்தான், ஆர் இல்லை எண்டது?

அவருக்கு நடந்தது பெரிசில்லை. நான் பயப்பிடுறது இடிபட்டா எண்டதுக்குத்தான். இஞ்ச எல்லாரும் தனியார் பொறுப்புக் காப்புறுதி எடுப்பினம், 'ஹாஃப்ட்ஃப்ளிஷ்ட்' எண்டு. நீங்களும் வந்த கையோட எடுங்கோ. சைக்கிளில போய் ஒரு கிழவியைத் தட்டிவிட்டா, இடுப்பு முறிஞ்சு ஆஸ்பத்திரிச் செலவு, பிறகு மாதாமாதம் பராமரிப்புச் செலவு, எல்லாத்தையும் அதுதான் தாங்கும். ஆனா கட்டாயக் காப்புறுதி தேவைப்படுற வாகனத்தை அது மூடாது. நீங்கள் ஓடினது 750 வாட் எண்டு தெரிஞ்ச உடன கையை விரிச்சிடுவினம். பிறகு அந்தக் காசை நீங்கள்தான் வாழ்நாள் முழுக்கக் கட்டவேணும். டெலிவரிப் பெடியங்கள் ஓடுறாங்கள் எண்டா, அவங்கள் ஓடட்டும். உங்களுக்குப் பின்னால குழந்தை இருக்கு.

ஏத்தத்தைப் பற்றிக் கேட்டீங்கள். இதுக்குத்தான் நீங்கள் ஆகக் குறைவாக் கவலைப்பட வேணும். 250 எண்டது தொடர் வலு மட்டும். நல்ல நடுமோட்டர், பெடல் அச்சில இருக்கிற வகை, ஏத்தத்தில அதைவிட இரண்டு மடங்குக்கு மேல கொஞ்ச நேரத்துக்குக் குடுக்கும், அது சட்டப்படியே. அதோட அது உங்கட கியருக்குள்ளால இழுக்குது. ஏத்தம் வந்தா நீங்கள் சின்னக் கியருக்கு மாத்துவீங்கள், மோட்டரும் தன்ர வேகத்தில சுகமாச் சுத்தும். உங்கட ஹப் மோட்டர் சில்லிலயே இருக்கு, அதுக்குக் கியர் உதவி இல்லை. நீண்ட ஏத்தத்தில மெதுவாப் போகேக்க மோட்டர் சூடாகும், பற்றறியும் குடிச்சுத் தள்ளும். முறுக்குவிசை 85 நியூட்டன் மீட்டர் எண்டு போட்டிருக்கிற 250 வாட் நடுமோட்டரில 88 கிலோவும் பிள்ளையும் ஹெஸ்லாக்கில இருந்து மேல போகலாம். ஏத்தத்தில எப்பிடியும் 15, 18-க்கு மேல ஒருத்தரும் போறேல்லை. 25 எண்ட பூட்டு அங்க உங்கட கண்ணிலயே படாது. சமதரையில மட்டுந்தான் எரிச்சல் வரும், அதுவும் கொஞ்ச நாளைக்கு.

சுங்கம், பற்றறி இரண்டையும் இரவைக்கு எழுதுறன். கடை திறக்கப்போறம்.

திண்டுக்கல் சைக்கிள்காரன்

அண்ணே, ரொம்ப நன்றி. ஹாஃப்ட்ஃப்ளிஷ்ட் விஷயம் படிச்சதும் வீட்டம்மா "அந்த பைக் கண்டெய்னர்ல ஏறாது"ன்னு தீர்ப்பே சொல்லிட்டாங்க.

இருந்தாலும் ஒரு நப்பாசை. 45 கி.மீ. போற பைக்குக்கு அங்க நம்பர் பிளேட் குடுக்குறாங்கன்னு படிச்சேன். என் பைக்கை அந்த வகையில பதிவு பண்ண வழி இருக்கா? இன்னொண்ணு, என் நண்பர்கிட்ட பாஷ் மோட்டார் போட்ட கிளாஸ் 1 பைக் ஒண்ணு இருக்கு. த்ராட்டில் இல்ல, 250 வாட், 20 மைல்ல நிக்கும். அதை அவர்கிட்ட வாங்கிட்டு வந்தா? அங்க சர்வீஸ் கிடைக்கும்ல?

டோர்ட்மண்ட் அண்ணை

தம்பி, அந்த 45 வகைக்கு 'எஸ்-பெடெலெக்' எண்டு பேர். ஐரோப்பியச் சட்டத்தில எல்1இ-பி எண்ட வகுப்பு, அதாவது மோபெட். அதைச் செய்த கொம்பனியே முதல்ல வகை அங்கீகாரம் எடுத்து, ஒவ்வொரு சைக்கிளோடயும் ஒத்திசைவுச் சான்றிதழ் எண்டு ஒரு தாள் தரும். அந்தத் தாளைக் காட்டினாத்தான் காப்புறுதிக் கொம்பனி இலக்கத்தகடு தரும். ஒவ்வொரு மார்ச் முதலாம் திகதியும் புதுத் தகடு. கறுப்பு, நீலம், பச்சை எண்டு வருஷத்துக்கு வருஷம் நிறம் மாறும், பழசோட ஓடினா தூரத்திலயே தெரிஞ்சிடும். இடப்பக்கக் கண்ணாடி வேணும், ஹோர்ன் வேணும், ஹெல்மெட் கட்டாயம். டயர் மாத்திறதெண்டாலும் அங்கீகாரத்தில சொன்ன வகையைத்தான் போடலாம். சைக்கிள் பாதையில போகேலாது, காருகளோட றோட்டில போகவேணும். பிள்ளையை வைச்சு இழுக்கிற டிரெய்லர் பூட்டக்கூடாது.

உங்களிட்ட அந்தத் தாள் இல்லை. தாள் இல்லாமல் ஒரு வாகனத்துக்குத் தனி அங்கீகாரம் எடுக்க வழி இருக்கு, டியூஃப் மாதிரியான பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டு போறது. அவை கேப்பினம்: பிரேக்குக்கு என்ன சோதனை, ஃபோர்க் என்ன பாரம் தாங்கும், மோட்டர் கொன்ட்ரோலரின்ர மின்காந்தச் சோதனை அறிக்கை எங்க எண்டு. உங்கட அமெரிக்கக் கொம்பனி அதுக்கெல்லாம் பதில் எழுதுமோ? சோதனைக்குக் குடுக்கிற காசில இதைப்போல இரண்டு சைக்கிள் வாங்கலாம். ஆரும் செய்து முடிச்சதை நான் காணேல்லை.

நண்பரின்ர சைக்கிள் வேற கதை. அதில மோட்டரின்ர தொடர் வலு 250 வாட், த்ராட்டிலும் இல்லை, மூண்டில இரண்டு சரி. பிழையா இருக்கிறது, 25-இல நிக்காமல் 20 மைல், அதாவது 32 கி.மீ. வரைக்கும் விடுற மென்பொருள் மட்டும். ஆனா அதை நீங்களோ நானோ சும்மா மாத்தேலாது. விற்ற நாட்டுக்கு எண்டு பூட்டித்தான் அனுப்புறாங்கள். மாத்திறதெண்டா சைக்கிள் செய்த கொம்பனி ஓம் எண்டு சொல்லவேணும், அதிகாரம் பெற்ற கடை செய்யவேணும். அதுக்குப் பிறகும் அந்தத் தகடு, ஈ.என். 15194 எண்ட தகடு, ஆர் ஒட்டுறது? கொம்பனிதான் தரவேணும். ஆகவே காசு குடுக்க முதல் அந்தச் சைக்கிள் கொம்பனிக்கு ஃப்ரேம் இலக்கத்தைக் குடுத்து, ஜெர்மனிக்குத் தேவையான மென்பொருளும் பத்திரமும் தருவீங்களோ எண்டு மின்னஞ்சலில கேளுங்கோ. எழுத்தில பதில் வந்தா வாங்குங்கோ. ரெலிபோனில "நோ ப்ராப்ளம் சார்" எண்டு சொன்னா விட்டிடுங்கோ.

இனிப் பற்றறி. 48-ஐ 14-ஆல பெருக்கிப் பாருங்கோ, 672 வாட்-அவர் வருது. பயணிகள் விமானத்தில 160-க்கு மேல அறவே இல்லை, பெட்டியிலயும் இல்லை, கையிலயும் இல்லை. கப்பலில போகலாம், ஆனா அது ஒன்பதாம் வகுப்பு அபாயகரப் பொருள் எண்டு அறிவிச்சு, லித்தியம் பற்றறிக்கான யூ.என். 38.3 பாதுகாப்புச் சோதனைப் பத்திரத்தோட போகவேணும். வீட்டுச்சாமான் ஏத்திற கனக்கக் கொம்பனியள் அதைத் தொடமாட்டாங்கள். சொல்லாமல் மெத்தைக்குள்ள சுத்தி வைக்கிற ஆக்களும் இருக்கினம். நடுக்கடலில அது சூடேறிப் பத்தினா உங்கட சாமான் மட்டும் எரியாது. பற்றறியை விட்டிட்டுச் சைக்கிளை மட்டும் கொண்டு வந்தா, அமெரிக்க அளவுப் பூட்டுக்குப் பொருந்திற பற்றறியை இஞ்ச தேடி அலையவேணும். சார்ஜரையும் பாருங்கோ, பின்பக்கம் 100 - 240 எண்டு இருந்தாச் சரி, 110 மட்டும் எண்டா சொருகின உடன புகைதான்.

சுங்கம் உண்மையில லேசு. ஒரு வருஷமாவது ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியில இருந்திருந்து, அந்தப் பொருளை ஆறு மாதமாவது பாவிச்சிருந்தா குடிபெயர்வுச் சாமான் எண்டு வரியில்லாமல் விடுவினம். பிறகு ஒரு வருஷத்துக்கு அதை விக்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. ஆனா அதே சலுகைக்குள்ள வராத புதுச் சைக்கிள், சீனாவில செய்ததெண்டா, அமெரிக்காவில இருந்து வந்தாலும் சீனப்பொருள்தான். 2019-இல இருந்து சீன மின்சைக்கிளுக்கு மேலதிக வரி இருக்கு, கொம்பனியைப் பொறுத்து 18.8-இல இருந்து 79.3 சதவீதம். 2025 ஜனவரியில அதை இன்னும் அஞ்சு வருஷத்துக்கு நீட்டிப்போட்டினம். அதுக்கு மேல வழமையான 6 சதவீதம், பிறகு எல்லாத்துக்கும் சேர்த்து 19 சதவீத விற்பனை வரி. நண்பரின்ர சைக்கிளை இப்ப வாங்கினீங்கள் எண்டா ஆகஸ்டுக்குள்ள ஆறு மாதம் ஆகாதே, அதையும் கணக்கில எடுங்கோ.

சுங்கத்தில விட்டவன், அதால றோட்டில ஓடலாம் எண்டு நினைக்கிறதுதான் கூடுதலான ஆக்கள் விடுற பிழை. சுங்கக்காரன் பாக்கிறது வரியை. 45-இல ஓடுற சைக்கிளுக்கும் முத்திரை குத்தி விடுவான். வீட்டு நிலவறையில வைச்சுத் துடைச்சுக்கொண்டிருக்க ஒரு தடையும் இல்லை.

மியூனிக் அம்மிணி

அண்ணா சொன்னதுக்கு மேல சட்டத்துல சேர்க்க ஒண்ணுமில்லைங்க. நாங்க மியூனிக் வர்றதுக்கு முன்னாடி ஸ்டுட்கார்ட்ல இருந்தோம், அதனால வேற ரெண்டு விஷயம் சொல்றேன்.

பைக்கை வித்துட்டு வாங்க, ஆனா வந்த உடனே கடைக்கு ஓடாதீங்க. முதல்ல ஆபீஸ்ல 'டீன்ஸ்ட்ராட்' இருக்கான்னு கேளுங்க. கம்பெனி லீஸ்ல பைக் எடுத்துக் குடுக்கும், சம்பளத்துல வரிக்கு முன்னாடி பிடிப்பாங்க. பைக்கோட பட்டியல் விலையில கால்வாசியை எடுத்துக்கிட்டு, அதுல ஒரு சதவீதத்தை மாசாமாசம் உங்க வருமானத்தோட சேர்த்து வரி போடுவாங்க. 4,000 யூரோ பைக்குன்னா கணக்குல ஏறுறது வெறும் பத்து யூரோ. பெரும்பாலும் மூணு வருஷ லீஸ். நிறைய கம்பெனியில 'ப்ரோபட்சைட்' முடிஞ்சாத்தான் தருவாங்க, அதாவது ஆறு மாச தகுதிகாண் காலம். உங்க ஒப்பந்தத்துல பேச இடம் இருந்தா இப்பவே ஹெச்ஆர்கிட்ட கேட்டு வைங்க. 25 கி.மீ. பைக்குதான் எடுக்கணும், 45 எடுத்தா வரிக்கணக்கும் மாறும், சைக்கிள் பாதையும் போயிடும்.

அந்த ஆறு மாசத்தை எப்படி ஓட்டுறதுன்னா, பையனுக்கு சீட் போட்ட சாதா சைக்கிள் ஒண்ணு பழசா வாங்குங்க. ஹெஸ்லாக்ல இருந்து மரியன்ப்ளாட்ஸ் பக்கம்தான். அங்கிருந்து 'ட்ஸாக்கெ'ன்னு பல்சக்கர ரயில் டெகர்லோக்குக்கு ஏறும். முன்னாடி சைக்கிள் வைக்கத் தனியா ஒரு வண்டி கோத்திருப்பாங்க. நீங்களே தூக்கி வச்சிட்டு உள்ள போயி உக்காந்துக்கலாம். மேல போயிட்டா மேஹ்ரிங்கன் வழியா ஃபைஹிங்கன் வரைக்கும் பெரிய ஏத்தம் இல்ல. என் வீட்டுக்காரர் அப்படித்தான் போவாரு. மழையில கூட ரயிலுக்குள்ள உக்காந்துக்கிட்டு, முன்னாடி தன் சைக்கிள் நனையறதைப் பாத்துக்கிட்டே போவாரு மனுசன்.

குழந்தை சீட் ஏழு வயசு முடியற வரைக்கும் போடலாம், ஓட்டுறவங்களுக்கு 16 ஆகியிருக்கணும். பழைய பெடெலெக் வாங்குறதா இருந்தா ஒரிஜினல் பில்லும் பேட்டரி பூட்டோட ரெண்டு சாவியும் கேளுங்க. ஃப்ரேம் எண்ணை பில்லோட ஒத்துப் பாருங்க. சாவி ஒண்ணுதான் இருக்கு, பில் தொலைஞ்சு போச்சுன்னா பேசாம நடையைக் கட்டுங்க. எவ்வளவு சீப்பா குடுத்தாலும் அது யார் வீட்டு நிலவறையில இருந்து வந்ததோ.

பொங்கோல் குமார்

சிங்கப்பூருக்கு யாராச்சும் இதே கேள்வியோட வந்தா அவங்களுக்காக எழுதுறேன். இங்க இன்னும் கெடுபிடி. 250 வாட், 25 கி.மீ. அதேதான், த்ராட்டில் கிடையாது. அதுக்கு மேல மொத்த எடை 20 கிலோவைத் தாண்டக்கூடாது. இவரோட 32 கிலோ பைக் தராசுலயே தோத்துடும். நிலப் போக்குவரத்து ஆணையத்தோட ஆரஞ்சு முத்திரை வேணும், பதிவு பண்ணி பின்னாடி நம்பர் பிளேட் மாட்டணும். ஓட்டுறவருக்கு 16 வயசு ஆகியிருக்கணும். 2022 ஜனவரியில இருந்து தியரி பரீட்சையும் எழுதி பாஸ் பண்ணணும். நடைபாதையில ஏத்தக்கூடாது, ரோடும் சைக்கிள் பாதையும் மட்டும்தான். வெளிநாட்டுல வாங்கி வந்ததைச் சரிபண்ணிக்கலாம்னு யாரும் நினைக்க வேணாம். முத்திரையோட விக்கிறதை இங்கயே வாங்கிக்குங்க.

ஃப்ராங்க்ஃபர்ட் பாபு

அண்ணே, நான் சொன்னது சும்மா ஊர்ல பாக்குறதைத்தான். ஆனா ஒரு சந்தேகம். 750 வாட் மோட்டாரைக் கழட்டிட்டு இங்க கிடைக்குற 250 வாட் கிட் ஒண்ணைப் போட்டா? ஃப்ரேம் அவருதுதானே.

டோர்ட்மண்ட் அண்ணை

செய்யலாம் பாபு. ஆனா அப்பிடிப் பூட்டின அண்டைக்குக் காகிதப்படி அந்தச் சைக்கிளின்ர தயாரிப்பாளர் நீங்கள்தான். பாதுகாப்பு ஆவணம் எழுதி, சி.ஈ. குறிக்குக் கையெழுத்து வைக்கிற பொறுப்பும் உங்கட. ஃப்ரேம் உடைஞ்சாலும் பற்றறி எரிஞ்சாலும் பதில் சொல்லுறது நீங்கள். தனக்கு மட்டும் கட்டி ஓடுற ஆக்கள் இருக்கினம், நல்லாச் செய்யிறவையும் இருக்கினம். பிள்ளையைப் பின்னால வைச்சு ஓடுறதுக்கு நான் கட்டித்தர மாட்டன். அதோட, நாலு இஞ்சி டயரை 250 வாட்டால உருட்டி என்ன காணப்போறியள்?

திண்டுக்கல் சைக்கிள்காரன்

முடிவு பண்ணியாச்சு. எதிர் அபார்ட்மெண்ட்ல இருக்குற கல்லூரிப் பையன் 900 டாலருக்குக் கேட்டிருக்கான். வாங்கினது 1,600. பரவாயில்லைன்னு சொல்லிட்டேன். ஹெச்ஆர்கிட்ட டீன்ஸ்ட்ராட் பத்திக் கேட்டு மெயில் போட்டாச்சு. நண்பரோட பைக் வேணாம், ஆறு மாசக் கணக்கு இடிக்குது.

கடைசியா, பைக்கோட சேர்ந்த சாமான் நிறைய இருக்கு: பையனோட பின்சீட்டு, ஹெல்மெட், மடக்குற பூட்டு, முன்விளக்கு, பன்னியர் பை ரெண்டு. எதைக் கொண்டு வரலாம்?

டோர்ட்மண்ட் அண்ணை

பூட்டு, பைகள் கொண்டு வாங்கோ. நல்ல பூட்டு இஞ்ச விலை. பெடெலெக் ஓடுறவைக்கு ஹெல்மெட்டே கட்டாயம் இல்லை எண்டபடியால் உங்கட அமெரிக்க ஹெல்மெட்டுக்கு ஒருத்தரும் குறை சொல்லமாட்டினம். பிள்ளைக்கும் கொண்டு வாங்கோ, ஆனா தலை பெருத்திடும், வந்தாப்போல ஒருக்கா அளந்து பாருங்கோ.

முன்விளக்கை விட்டிடுங்கோ. இஞ்ச சைக்கிள் விளக்குக்கு அங்கீகாரம் வேணும், கண்ணாடியில ஒரு அலைக்கோடும் பக்கத்தில 'கே' எண்ட எழுத்தும் இலக்கமும் இருக்கும். அமெரிக்க விளக்கில அது இராது, எதிர்ல வாறவன்ர கண்ணையும் குத்தும்.

பின்சீட்டு உங்கட சைக்கிளில எப்பிடிப் பூட்டியிருக்கு? குழாயைப் பிடிக்கிற கவ்வியோ, கரியருக்கு மேல கொழுவிற வகையோ? கவ்வி எண்டா கூடுதலான இஞ்சத்தச் சைக்கிளில சரிவரும், ஆனா பற்றறியைக் கீழ்க்குழாய்க்குள்ள ஒளிச்சு வைச்சிருக்கிற புது ஃப்ரேம் சிலதில இருக்கைக்குக் கீழ இருக்கிற குழாய் தடிப்பா இருக்கும், கவ்வி பிடிக்காது. கவ்வி எத்தினை மில்லிமீட்டர் வரைக்கும் திறக்குது எண்டு அளந்து ஒரு படம் போடுங்கோ, பாத்துச் சொல்லுறன்.